அட்டை வேண்டுமா, அம்மா?

சப்பிரகமுவத் தோட்டப்புறங்களில் வாழ்வோருக்கு 'அட்டை' என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது காகிதமன்று. காலில் ஏறும் அட்டையே. தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும், இறக்குவானையிலும் பலாங்கொடையிலும், மழை விட்டும் தூவானம் விடாத நாட்களிலே, கொழுந்து பறிக்கும் பெண்களும் இறப்பர் மரத்திற் பால் வெட்டும் ஆண்களும் காலிலே சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு மலைக்கு ஏறுவதை யாவரும் அறிவர். அந்த அட்டை நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. குடித்து முடித்து விழுந்த பின்னரே அது வந்து போன செய்தி நமக்குத் தெரியவருகிறது.

இன்னோர் அட்டை இப்போது நகரத்துக் கடைகளில் உண்டு. அது அனுமதி கேட்டே வருகிறது, அதுவும் புன்னகையோடு. "காட் எக தியெனவாத, மிஸ்?" என்று சிங்களத்திலும், "அட்டை இருக்கிறதா, அம்மா? இல்லையென்றால் ஒன்று பதிந்து தரட்டுமா?" என்று தமிழிலும் கருமபீடத்தின் பின்னால் நிற்கும் பெண் கேட்கிறாள். பருப்பையும் சீனியையும் பையிற் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க நினைக்கும் அம்மா, "வேண்டாம், பிள்ளை" என்கிறார். அவள் முகம் ஒரு கணம் வாடுகிறது. அடுத்த கணமே வரிசையில் நிற்கும் அடுத்தவரைப் பார்த்து அதே கேள்வியை அதே புன்னகையோடு கேட்கிறாள்.

அந்த ஒரு கண வாட்டத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம். ஏனெனில் அப்பெண் பல வேளைகளில் நம் தோட்டத்துப் பிள்ளை. க.பொ.த. சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு, மலையிலே பெயர் பதிய மனமின்றி, அவிசாவளைக்கோ இரத்தினபுரிக்கோ கொழும்புக்கோ வேலை தேடி இறங்கியவள். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு அவ்வாறு இறங்கிய பிள்ளைகள் பலரைத் தெரியும். விடுமுறைக்கு வந்தால் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். "வேலை எப்படியம்மா?" என்று கேட்டால், நின்றுகொண்டே இருப்பதால் வரும் கால்வலியை முதலிற் சொல்வார்கள். இரண்டாவதாகச் சொல்வது அட்டைக் கணக்கை.

கணக்கில் ஏறும் புள்ளி

அட்டை என்பது யாது? நம் நாட்டுப் பேரங்காடிகள் பெரும்பாலும் வழங்குவது புள்ளி அட்டை. வாடிக்கையாளரின் பெயரும் கைத்தொலைபேசி இலக்கமும் ஒரு முறை பதியப்படும். பின்னர் வாங்கும் ஒவ்வொரு முறையும் தொகைக்கேற்பப் புள்ளிகள் சேரும். சேர்ந்த புள்ளிகளைப் பின்னொரு நாள் பணமாகக் கழித்துக்கொள்ளலாம். சில இடங்களில் அட்டையே கையில் இருப்பதில்லை. தொலைபேசி இலக்கமே அட்டையாகிவிடுகிறது. இது கடனன்று. ஆனால் அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் கடைகளின் பெயராலேயே கடன் அட்டை வழங்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அங்கே அதன் வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தையும் தாண்டிப் போவது இக்காலத்திற் சாதாரணம். "இன்றே பதிந்தால் இன்றைய சிட்டையில் இத்தனை கழிவு" என்பது அங்குள்ள காசாளர் சொல்லும் மந்திரம். கழிவு ஒரு நாளைக்கு. வட்டி எத்தனை நாளைக்கு என்பதை மந்திரம் சொல்வதில்லை.

வாங்கியதற்கு ஏற்பப் பங்கு திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணம் புதியதன்று, கெட்டதுமன்று. 1844ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் தேதி, இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்திலே நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாகச் சிலர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி ஆகிய சில பொருள்களே அங்கு இருந்தன. ஆண்டிறுதியில் மிஞ்சிய இலாபத்தை, அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டுக் கொடுத்தனர். உலகெங்கும் பரந்த கூட்டுறவு இயக்கத்துக்கு வித்து அதுவே. நம் ஊர்ச் சங்கக்கடைகளும் அந்த வித்தின் வழி வந்தவையே; இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பங்கீட்டு உணவை மக்களுக்குச் சேர்ப்பித்தமையால் அவை நாடெங்கும் பெருகின. சங்கக்கடையில் அங்கத்துவ இலக்கம் கேட்டால் யாரும் முகஞ்சுளித்ததில்லை. கடை அங்கத்தவரின் கடை என்ற நினைவு அங்கே இருந்தது.

வேடிக்கை என்னவெனில், நம் நாட்டின் முதற் பேரங்காடி வரிசையை நடத்தும் கார்கில்ஸ் நிறுவனமும் தனது தொடக்கத்தை அதே 1844ஆம் ஆண்டுக்கே கொண்டுபோகிறது. துரைமாருக்குச் சீமைப் பொருள் விற்ற அந்தக் கடை 1983இல் கொழும்பு ஸ்டேபிள் வீதியிலே 'ஃபுட் சிற்றி' என்னும் முதலாவது பேரங்காடியைத் திறந்தது. அன்று கொழும்பு மேட்டுக்குடியினர் மட்டும் நுழைந்த அத்தகைய கடைகள் இன்று தோட்டத்து மக்கள் சந்தைக்கு இறங்கும் நகரங்களிலும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன.

கடைக்கு அட்டையால் வரும் ஆதாயம் என்ன? இங்கிலாந்தின் டெஸ்கோ என்னும் பேரங்காடி 1995இல் நாடளாவிய தனது அட்டையை வெளியிட்டபோது அது உலகுக்குத் தெரிந்தது. யார், எந்நாளில், எதனோடு எதை வாங்குகிறார் என்பதெல்லாம் அட்டையின் வழியே கடைக்குத் தெரிந்துவிடும். பால்மா வாங்கத் தொடங்கிய குடும்பத்திற் குழந்தை பிறந்திருக்கிறது. சீனி வாங்குவதை நிறுத்திய வீட்டில் யாருக்கோ நீரிழிவு. எதிர்வீட்டுக்காரியும் அறியாததைக் கடை அறியும். முன்னைய நாட்களில் நாட்டாமைக் கடை முதலாளிக்கு நம் வீட்டுச் செலவெல்லாம் மனப்பாடம் என்பது உண்மையே. ஆயினும் அவர் அதை ஒரு கொப்பியில் எழுதி மேசையில் வைத்திருந்தார். நாமும் அதைப் பார்க்கலாம்.

ஆக, ஒவ்வொரு புதிய அட்டையும் கடைக்கு ஒரு செல்வம். அச்செல்வத்தைத் திரட்டும் வேலை, மாதச் சம்பளத்துக்குப் பெட்டியடியில் நிற்கும் பிள்ளையின் தலையில் விழுகிறது. தன் வேலை காசை எண்ணிச் சரியாக மீதி கொடுப்பது என்றே அவள் எண்ணி வந்திருப்பாள். இன்று நாளொன்றுக்கு இத்தனை அட்டை என ஒரு தொகை வகுக்கப்படுகிறது. காலையில் அதைச் சொல்கிறார்கள், மாலையில் கேட்கிறார்கள், இரவில் கைத்தொலைபேசியிற் பெயர் வரிசையாக அனுப்புகிறார்கள். வரிசையின் கடைசியில் தன் பெயர் நிற்பதை அவளோடு வேலை செய்யும் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். எல்லாக் கடைகளிலும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. எம்மிடம் வந்து பேசிய பிள்ளைகள் ஒரே கடையைச் சேர்ந்தவர்களுமல்லர். அவர்கள் சொன்னவை ஒத்திருந்தன என்பதே எம்மை எழுதத் தூண்டியது.

தலைக்காசு

இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது எமக்கு நினைவில் எழுந்தது தோட்டத்தின் பழைய சொல் ஒன்று: தலைக்காசு. கங்காணி முறை நிலவிய காலத்திலே, தான் கூட்டி வந்த ஆட்களில் அன்றன்று வேலைக்குப் போன ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம் என்று கங்காணிக்குத் தோட்டம் ஒரு தொகை கொடுத்தது. ஆள் நோயாளியா, களைத்தவனா என்பது அந்தக் கணக்கில் இல்லை. தலை எண்ணப்பட்டால் சதம் உண்டு. எனவே விடியற்காலைப் பிரட்டிலே லயத்துக் கதவுகள் தட்டப்பட்ட வேகத்துக்கு அந்தச் சதமும் ஒரு காரணமாயிற்று.

தலைக்காசோடு இணைந்து வந்தது 'துண்டு'. ஊரிலிருந்து புறப்பட்ட வழிச்செலவும், பின்னர் வாங்கிய முற்பணமும், கடையிற் பற்றிய அரிசியும் கடனாக ஏறி நிற்கும். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று எழுதிய துண்டுக் காகிதத்தைத் துரை கொடுப்பார். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும், கடன் தீராது, இடம் மட்டும் மாறும். ஒரு சிறு காகிதத்திலே ஒரு குடும்பத்தின் கால்கள் கட்டப்பட்டிருந்தன. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டமே துண்டு முறைக்கு முடிவு கட்டியது.

புள்ளி அட்டையைத் துண்டோடு ஒப்பிடுவது மிகை என்று கூறுவாரும் உளர். அவர் கூற்று சரியே. புள்ளி அட்டை யாரையும் கட்டிப் போடுவதில்லை. கிழித்தெறிந்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். நாம் ஒப்பிடுவது அட்டையைத் துண்டோடு அன்று, எண்ணிக்கையைத் தலைக்காசோடு. அதிலும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கங்காணிக்குக் கையிலே தடி இருந்தது. தலைக்காசு அவர் பையிலே விழுந்தது. பெட்டியடிப் பிள்ளைக்குத் தடியுமில்லை. பல வேளைகளிற் காசுமில்லை. அவளுக்குக் கிடைப்பது, எண்ணிக்கை நிறைந்தால் மௌனம், நிறையாவிட்டால் ஏச்சு.

அவளது தாய்க்கு இது நன்றாக விளங்கும். ஏனெனில் தாயும் எண்ணிக்கைக்குள்ளேயே வாழ்கிறாள். நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து எனத் தோட்டம் வகுத்திருக்கும். அது நிறைந்தால் ஒரு பெயர்; குறைந்தால் அரைப் பெயர். அரைப் பெயர் என்றால் அரைநாட் சம்பளம். காலை முதல் மாலை வரை மழையில் நின்ற உடம்புக்கு அரைநாள் என்று பெயர் வைக்கும் இக்கணக்கு வேறெந்தத் தொழிலிலும் உண்டோ என நாம் பலமுறை வியந்ததுண்டு. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, பல தோட்டங்களிற் கொழுந்தின் அளவும் கூடவே ஏறிவிட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட வேளையிலும் தராசைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. தராசடியில் நிற்கும் தாய்க்கு ஒரு கவலை. பெட்டியடியில் நிற்கும் மகளுக்கு அதே கவலை. கொழுந்தையாவது கை நீட்டிப் பறிக்கலாம், செடி மறுப்பதில்லை. அட்டைக்கோ இன்னொரு மனிதரின் சம்மதம் வேண்டும். தன் கையில் இல்லாத ஒன்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது எவ்வகை நியாயம்?

எட்டு என்னும் எண்

சம்மதம் கிடைக்காதபோது எண்ணிக்கை மட்டும் கேட்கப்பட்டால் என்ன நடக்கும்? இதற்கு விடை தேட நாம் ஊகத்தில் இறங்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றான வெல்ஸ் ஃபார்கோ அதை உலகறியச் செய்து காட்டிவிட்டது.

அவ்வங்கியின் தலைவராயிருந்த ஜோன் ஸ்டம்ஃப் ஓர் எண்ணை இலட்சியமாக வைத்தார். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் வங்கியின் எட்டுச் சேவைகள் இருக்க வேண்டும்: சேமிப்புக் கணக்கு, காசோலைக் கணக்கு, கடன் அட்டை, வீட்டுக் கடன் என்று இப்படி எட்டு. ஆங்கிலத்தில் எட்டு என்னும் சொல்லோடு எதுகையாய் இசையும் ஒரு சொல்லைச் சேர்த்து அது முழக்கமாகவே வழங்கியது. கிளைகளில் இருந்த சாதாரண ஊழியர்க்கு அந்த முழக்கம் நாட்கணக்கான இலக்காக இறங்கியது. இலக்கை எட்டாதவர் மாலையில் மேலதிக நேரம் நின்று தொலைபேசியில் உறவினரையும் நண்பரையும் அழைத்துக் கணக்குத் திறக்கும்படி மன்றாடினர். அதுவும் போதாதபோது, வாடிக்கையாளர் அறியாமலே அவர் பெயரிற் கணக்குத் திறந்தனர். கேளாமலே அட்டைக்கு விண்ணப்பித்தனர். போலியான மின்னஞ்சல் முகவரிகளையும் இட்டு நிரப்பினர். லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் என்னும் பத்திரிகை 2013ஆம் ஆண்டிறுதியிலேயே இதை வெளியிட்டது.

2016 செப்டெம்பரில் மூன்று அதிகார அமைப்புகள் சேர்ந்து வங்கிக்கு 185 மில்லியன் டொலர் தண்டம் விதித்தன. அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கலாம் எனக் கணிக்கப்பட்டவை ஏறத்தாழ 20 இலட்சம் கணக்குகளும் அட்டைகளும். மறு ஆண்டு மீண்டும் எண்ணியபோது அது 35 இலட்சமாக உயர்ந்தது. 2020இல் வங்கி மேலும் 3 பில்லியன் டொலர் செலுத்தி வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது. ஸ்டம்ஃப் 2016 ஒக்டோபரிற் பதவி விலகினார், 2020இல் 17.5 மில்லியன் டொலர் தண்டம் கட்டி, வங்கித் தொழிலில் இனி ஈடுபடுவதில்லை என உடன்பட்டார்.

இவ்வரலாற்றிலே எமது நெஞ்சில் தைப்பது பெரிய தொகைகள் அல்ல. ஓர் எண் சிறியது: 5300. தலைவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னரே, சில ஆண்டுகளுள், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியரின் தொகை அது. அவர்களுட் பலர் கிளைகளிற் சாதாரண வேலை பார்த்தவர்கள். இலக்கை வகுத்தவர் மேன்மாடியிலே இருந்தார். இலக்குக்காகப் பொய் எழுதியவரே முதலிற் பிடிபட்டார். பொய் எழுத மறுத்து இலக்கை இழந்தவர்களும் வேலையை இழந்ததுண்டு. அந்த வங்கி கடைசியாகச் செய்தது என்ன தெரியுமா? 2016 ஒக்டோபரோடு அத்தகைய விற்பனை இலக்குகளையே நீக்கியது. இதனைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே செய்திருந்தால் என்று எண்ணுவது மனித இயல்பு.

பொருளியல் பயிலும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் பொருளியலறிஞர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975இல் எடுத்துக்காட்டிய உண்மையொன்று அவர் பெயராலேயே விதியாக வழங்குகிறது. ஓர் அளவை, நிலைமையை அறிய உதவும் வரையில் நன்று. அதையே இலக்காக்கி மனிதரை நெருக்கினால் அது அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்பது அதன் சாரம். அவர் பேசியது பணநிரம்பலைப் பற்றி. ஆனால் அட்டைக்கும் அது முற்றப் பொருந்தும். நம் பிள்ளைகள் சொல்லிய செய்திகளைக் கேளுங்கள். அட்டை இல்லாத வாடிக்கையாளர் வந்தால், தமையனின் இலக்கத்தை, சித்தப்பாவின் இலக்கத்தை, லயத்துக்கு அடுத்த வீட்டு அக்காவின் இலக்கத்தைப் பதிந்து எண்ணிக்கையை நிரப்புவது உண்டாம். தோட்டத்திலே ஒருபோதும் நகரத்துக்கு வராத பாட்டிமாருக்கெல்லாம் கடை 'உங்கள் வருகைக்கு நன்றி' என்று குறுஞ்செய்தி அனுப்புகிறது. கேட்கச் சிரிப்பு வருகிறது. ஆனால், பிறர் வாங்கிய பொருளுக்கான புள்ளி அந்த இலக்கத்திற் சேர்ந்துவிட்டால் அது திருட்டெனக் கருதப்படும். கணினி ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து வைத்திருக்கும். பிடிபட்டால் அன்றே வேலை போகும். எண்ணிக்கை நிறையாதிருந்த நாட்களில் அவளை ஏசியவர் அன்று அவள் பக்கம் நிற்கமாட்டார்.

இலக்கத்தின் உள்ளே

இனி, இந்தப் பக்கம் நிற்கும் நம்மைப் பற்றி. தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா கருமபீடத்தின் முன் நிற்கிறார். பின்னால் வரிசை நீள்கிறது. கேள்வி பெரும்பாலும் சிங்களத்திலே வருகிறது. காகிதமோ திரையோ ஆங்கிலத்தில் இருக்கிறது. 'வேண்டாம்' என்று சொன்னால் பொருளைத் தரமாட்டார்களோ என்ற ஐயம் அவருக்கு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் தனியார் கடையின் படிவத்தை அது மொழிபெயர்த்துத் தரவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவதே எளிதென அவர் நினைக்கிறார்: தொலைபேசி இலக்கம், சில வேளைகளில் அடையாள அட்டை இலக்கமும்.

அடையாள அட்டை இலக்கம் வெறும் எண்ணன்று. மாணவர்கள் இதை வீட்டிலே சோதித்துப் பார்க்கலாம். பழைய முறையிலான ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் அது எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 72 எனத் தொடங்கி 545 எனத் தொடர்ந்தால், 1972ஆம் ஆண்டின் 45ஆம் நாளில், அதாவது பெப்ரவரி 14இற் பிறந்த பெண். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க முறையில் ஆண்டு நான்கு இலக்கமாக நீண்டதேயன்றி, இவ்வமைப்பு மாறவில்லை. வயதைக் கேட்டாற் கோபிக்கும் சகோதரிகள் இலக்கத்தைக் கேட்டவுடன் ஒப்புவிப்பது எமக்கு எப்போதும் வியப்பே!

நம் நாட்டில் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். எதற்காகத் தகவலைத் திரட்டுகிறோம் எனச் சொல்ல வேண்டும், அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவே திரட்ட வேண்டும், கொடுத்த சம்மதத்தை மீளப்பெற இடமிருக்க வேண்டும் என்பன அதன் கருத்துகளுட் சில. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்னர் ஒத்திவைக்கப்பட்டன.

பெட்டியடிப் பிள்ளையைக் காக்கும் சட்டம் அதைவிடப் பழையது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 45 மணியும் என வேலை நேரத்தை வரையறுக்கிறது. வேலைக்குச் சேரும்போதே, வேலையின் தன்மை, சம்பளம், நிபந்தனைகள் முதலியவற்றை எழுதிய நியமனக் கடிதத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும் எனவும் அது விதிக்கிறது. எம்மிடம் விடைபெற வரும் பிள்ளைகளிடம் நாம் தவறாமற் சொல்வது இது ஒன்றே: கடிதத்தை வாங்கு; வாசி; விளங்காவிட்டாற் கொண்டுவா. அட்டை சேர்ப்பது அதில் எழுதப்பட்டிருக்கிறதா, சேர்க்காவிட்டால் என்ன என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. கேட்பதால் வேலை போகுமோ என்று அஞ்சுகிறார்கள். அவ்வச்சம் பொய்யென்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. வீட்டிலே தம்பியும் தங்கையும் படித்துக்கொண்டிருக்கும்போது மூத்தவளின் துணிவுக்கும் ஒரு விலை உண்டு.

கடலுக்கு அப்பாலும் இதே பிள்ளைகள்தாம். சென்னைத் தியாகராய நகரின் துணிக்கடைகளிலே தென்மாவட்டங்களிலிருந்து வந்து நின்ற இளைஞர் பட்ட பாட்டை வசந்தபாலன் 2010இல் 'அங்காடித் தெரு' என்னும் படமாக்கிக் காட்டினார். பார்த்தவர் அதன் பின்னர் துணிக்கடையில் நிற்பவரின் காலையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினர். 2021இல் தமிழ்நாட்டுச் சட்டசபை, கடை ஊழியர் அனைவர்க்கும் உட்கார இருக்கை வேண்டுமென்று சட்டத்தைத் திருத்தியது. கேரளம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே செய்திருந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்ததே என்று வருந்துவதா, வந்ததே என்று மகிழ்வதா என்பதை வாசகருக்கு விடுகிறோம்.

'இலக்கு இல்லாமல் வாணிபம் நடக்குமா?' என்று எம்மைக் கேட்ட கடை முகாமையாளர் ஒருவர் உண்டு. அவரும் இளைஞர், அவருக்கும் மேலே ஒருவர், அம்மேலவருக்கும் ஒரு வரிசை, அதிலும் ஒரு கடைசிப் பெயர். அவரைக் குற்றஞ் சொல்லி எம்மால் திருப்தியடைய இயலவில்லை. காசாளர் எத்தனை பேரைக் கேட்டார் என்பதைக் கணக்கில் எடுங்கள், எத்தனை பேர் இசைந்தார் என்பதை விட்டுவிடுங்கள் என்று நாம் சொன்னோம். கேட்பது அவள் கையில் இருக்கிறது, இசைவது இல்லை. அவர் சிறிது நேரம் யோசித்து, அதை மேலே எழுதிப் பார்க்கலாம் என்றார். எழுதினாரா என்று நாம் விசாரிக்கவில்லை.

தீபாவளி வாரத்தைக் கடைகள் ஆவலோடு எதிர்பார்க்கின்றன. தோட்டங்களில் அப்போதுதான் முற்பணம் கொடுப்பார்கள். காவத்தையிலிருந்தும் பெல்மதுளையிலிருந்தும் இரத்தினபுரிக்கு, தெஹியோவிட்டையிலிருந்து அவிசாவளைக்கு என, குடும்பம் குடும்பமாக மக்கள் பஸ் ஏறி வருவார்கள். பிள்ளைகளுக்குத் துணி, ஒரு போத்தல் நல்லெண்ணெய், பலகாரத்துக்குச் சீனியும் மாவும், கடைசியாக மீதிப் பணத்தைப் பார்த்து ஒரு பெட்டி மத்தாப்பு. அவ்வாரம் பெட்டியடியிற் கூட்டம் கூடுதல். ஆகையால் எண்ணிக்கையும் கூடுதல். விடுமுறை கேட்டாற் கிடைக்காது. எம்மிடம் படித்த பிள்ளையொருத்தி சென்ற தீபாவளிக்கு முதல் நாள் தன் தோட்டத்து மனிதர் பதினொரு பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாளாம். ஏழு பேர், "நம்ம பிள்ளை கேக்குது, குடு" என்று பதிந்துகொண்டார்கள். எட்டாவதாக வந்தவர் அவளுடைய அம்மா. கையிலே முற்பணத்தில் மிச்சம் இருந்த நோட்டுகள். அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து அது வெட்டப்படத் தொடங்கும். மகள் எதுவும் கேளாமற் சாமான்களைப் பையில் இட்டு, மீதியை எண்ணிக் கொடுத்தாள். கடை மூடி, கடைசி பஸ் பிடித்து, லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்ததாம்.